கையை ஊன்றாமல்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் பாதியில் "சிக்னல் போயிடுச்சுக்கா" என்பாய். அதனால் எழுதுகிறேன். குளியலறை வாசலில் அப்பாவை விடாமல் பிடித்துக்கொண்டு சேர்ந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேனே, அந்தக் கட்டைப் பிரித்தாயிற்று. பிசியோதெரபி அம்மா இனிமேல் விழாதே என்பார் என்று பார்த்தால், விழக் கற்றுக்கொள் என்கிறார். ஐம்பத்திரண்டு வயதில் பாயில் உருள்கிறேன். தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, தலை தரையில் படாமல், ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்காக உருண்டு எழ வேண்டும். எல்லாம் வருகிறது, கடைசி நொடியில் கையை நீட்டி ஊன்றிவிடுகிறேன். "யாரைத் தாங்கப் போறீங்க?" என்று திட்டுகிறார்.

அலுத்துப்போச்சுடா. இந்தத் தடவையாவது வருவாயா?

உன் அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த வயதில் குட்டிக்கரணமா! சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கிடங்கில் ஆள் பற்றாக்குறை, லீவு என்றாலே மேலாளர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். வருஷக் கடைசியில் பார்க்கலாம். நீ அங்கே இருக்கிறாய் என்றுதான் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். அப்பாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்.

அன்புத் தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

நேற்று அதே வாசல். ஈரத்தில் அப்பாவுக்குக் கால் வழுக்கி, என்னையும் சேர்த்து இழுத்தார். நான் அவர் கையை விட்டுவிட்டேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. தோள் தானாக மடங்கியது, கூடத்துப் பக்கம் உருண்டு எழுந்து நின்றேன். ஒரு கீறல் இல்லை. திரும்பிப் பார்த்தால் அப்பா சுவரோடு சரிந்து உட்கார்ந்திருக்கிறார், முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.

"விட்டியே, நல்ல வேளை. ரெண்டு பேரும் படுத்துட்டா யாருடி வெந்நீர் போடுறது?" என்றார்.

இனி என்னால் தனியாக முடியாது. மே மாதத்துக்குள் நீ வந்தால் ஆளுக்குப் பாதியாகப் பார்த்துக்கொள்வோம். வராவிட்டால் அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கிறேன். நேற்று சாயங்காலமே ஓர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். அப்பாவிடம் சொன்னேன், சரி என்றார். உன்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஆனால் இன்று காலையிலிருந்து ஒரே பிடிவாதம். தினமும் சவரம் செய்துவிட வேண்டுமாம். நீ திடீரென்று வந்து நின்றால், பார்க்க ஒரு மாதிரி இருக்கக் கூடாதாம்.

அக்கா