எரிந்தால் கத்தலாமா என்று திவ்யா கேட்கிறாள்

அன்பான ருக்மணியக்கா,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். திவ்யா இப்போதுதான் தூங்கினாள். விளக்கை அணைக்க மனம் வரவில்லை. அவளுடைய இடது கையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏன் என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அந்த ஆஸ்பத்திரி அறையை மறந்திருக்கமாட்டீர்கள். வரிசையாகக் கட்டில்கள், எல்லோருக்கும் ஒரே சிஸ்டர். உங்களுக்கு மார்பில் கட்டி. பக்கத்துக் கட்டிலில் ரத்தப் புற்றுநோயோடு என் ஆறு வயதுக் குழந்தை. இரண்டு பேருக்கும் ஒரே சிவப்பு மருந்து. டாக்ஸோரூபிசின் என்ற பெயர் வாயில் நுழையாமல் நீங்கள் அதற்கு ரோஸ்மில்க் என்று பேர் வைத்தீர்கள். முடி கொட்டிப்போய் அழுதவளிடம், "அழுகாத கண்ணு, நாம ரெண்டு பேரும் பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்தோம்னு சொல்லிப்போடலாம்" என்றீர்கள். எத்தனையோ நாள் கழித்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் நம் எல்லோருக்கும் முதலிலேயே சொல்லியிருந்தார். ரத்தக் குழாய்க்குள் போகிறவரைக்கும்தான் இது மருந்து. ஊசி விலகி வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும். மூத்திரம் சிவப்பாகப் போனால் பயப்படாதீர்கள், ஊசி போட்ட இடம் எரிந்தால் மட்டும் உடனே சத்தம் போடுங்கள் என்றார். "சரிங்க டாக்டர்" என்று நீங்களும் தலையாட்டினீர்கள்.

உங்கள் ஊசி விலகிய அன்றைக்குத் திவ்யா விடாமல் வாந்தி எடுத்தாள். சிஸ்டரும் நானும் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் உங்கள் பக்கம் திரும்பியபோது உங்கள் கை வீங்கியிருந்தது. "ஏனுங்கக்கா, ஒரு சத்தம் குடுக்கக்கூடாதுங்களா?" என்று சிஸ்டர் பதறினார். "கொழந்தை அத்தனை பாடு படறப்ப உங்களை எப்படிங்க கூப்பிடறது? பரவால்லீங்க" என்றீர்கள்.

பரவாயில்லாமல் போகவில்லையே அக்கா. முதலில் வெறும் சிவப்பு. பிறகு கொப்புளம். பிறகு கறுத்துப்போன புண். அது ஆறுகிறவரை அடுத்த மருந்து ஏற்ற முடியாது என்று டாக்டர் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். நோய் காத்திருக்கவில்லை. துக்கம் கேட்க அவிநாசிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது, உங்கள் வீட்டுக்கார மாமா சொன்னார்: "கடைசி வரைக்கும் கை வலிக்குதுன்னு ஒருத்தருகிட்டயும் சொல்லலீங்க."

இப்போது என் வீட்டு விஷயம். போன திங்கட்கிழமை திவ்யாவுக்கு மறுபடி சிவப்பு மருந்து. சிஸ்டர் கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவருக்குப் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தார். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்ன கண்ணு?"

"எரியுதும்மா. இருக்கட்டும், சிஸ்டர் அந்தத் தாத்தாவப் பாத்துட்டு வரட்டும்."

அக்கா, அச்சு அசல் உங்கள் பேச்சு. நான் போட்ட கூச்சலில் அறையே எழுந்து உட்கார்ந்தது. சிஸ்டர் ஓடிவந்து மருந்தை நிறுத்தி, அதே ஊசி வழியாக முடிந்ததை உறிஞ்சி எடுத்து, ஐஸ் வைத்தார். "கொஞ்சம்தான் கசிஞ்சிருக்குதும்மா. ஆனா எவ்வளவு தூரம் போகும்னு இப்பவே சொல்ல முடியாது, பாத்துட்டே இருங்க" என்றார் டாக்டர்.

பார்த்துக்கொண்டே இருக்கிறேன். புறங்கையில் இருக்கிற சிவப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். இன்று சாயங்காலம் சிவப்பு அந்தக் கோட்டைத் தொட்டிருந்தது. தாண்டவில்லை. தாண்டவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"இனி எரிஞ்சா கத்தணும், யாரு என்ன வேலையா இருந்தாலும்" என்று திட்டினேன். "பெரியம்மா கத்தலியேம்மா? அவங்க நல்லவங்கதான?" என்கிறாள். நீங்கள் இல்லை என்பதே அவளுக்குத் தெரியாது. அவிநாசியில் கை ஆறிக்கொண்டிருப்பதாக நினைக்கிறாள். "பெரியம்மாவுக்கு எழுதிக் கேளும்மா, கத்தலாமான்னு" என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கினாள்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன் அக்கா. அந்த அறைக்குப் புதிதாக வருகிற ஒருவரையும், உங்கள் கையைப் பற்றிச் சொல்லாமல் ஊசிக்குக் கை நீட்ட விடமாட்டேன். அவர்களிடம் நான் சொல்லிவிடுவேன். திவ்யா நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். அடுத்த மருந்துக்கு முன்னால், சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் பக்கத்துக் கட்டில் தங்கை,
சுமதி