கியர் வண்டிதான் வேணுமாம்

டிச. 4, வெள்ளி

மூன்றாவது நாளாக மழை. துணி எதுவும் காயவில்லை. பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை, ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் போனில்தான். பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. வருகிறவர்கள் முகம் காட்டுவதில்லை.

சாயங்காலம் இவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். வலது காலில் செருப்பு. இடது கால் வெறுங்கால், முழங்கால் வரை சேறு.

"இன்னாங்க, இன்னொரு செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்த மாதிரி ஒரு முகம். நல்ல நடிப்பு.

"சேத்துல மாட்டிக்கினு இருக்கும்."

"மாட்டுனது கூடவா தெரியாது?"

நேராகக் கிணற்றடி.

கல்வராயன் மலைக்கு மரவள்ளிக்கிழங்கு விலை பேசப் போகிறேன் என்று போனவர். எந்த வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தார்? யாரோ வந்துவிட்டார்கள், அவசரமாக ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். வேறு எப்படி நடக்கும்?

இன்னொன்று. ஐப்பசியிலிருந்து பைக்கைத் தொடுவதில்லை. என் ஸ்கூட்டியைத்தான் எடுத்துப் போகிறார். பைக்கில் முன்னாலும் பின்னாலும் இவர் பெயர் எழுதியிருக்கிறது, மலையே பார்த்துவிடும். ஸ்கூட்டியில் பெயர் இல்லை.

வாங்க: உப்பு, கொசுவத்தி, மாஸ்க்.

டிச. 9, புதன்

வெயில். துணிக்கு விடுதலை.

கார் பார்க்கச் சேலம் ரோடு ஷோரூம். இவர், நான், கொழுந்தன் செல்வம். செல்வம் போன மாதம்தான் கார் வாங்கினான், கியர் வண்டி. அதனால் கார் விஷயத்தில் இப்போது அவன் கலெக்டர் மாதிரி.

கிளட்ச் மிதிக்காமல் ஓட்டுகிற வண்டி இருக்கிறதாமே, எனக்கு ஸ்கூட்டி மாதிரி சுலபம், அதைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஷோரூம் பெண் சிரித்தாள். "ஆட்டோமேட்டிக்கா மேடம்? எல்லாரும் வந்து பாப்பாங்க, ஓட்டிப் பாப்பாங்க, கடைசியில கியர் வண்டிதான் புக் பண்ணுவாங்க. கியருன்னா ரெண்டு மாசம் காத்திருக்கணும். ஆட்டோமேட்டிக் சேலத்துல சும்மா நிக்குது."

ஏன் என்று கேட்டதற்கு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

மலை ஏறாது. (ஷோரூம் பெண் ஏறும் என்கிறாள். ஒருவரும் கேட்பதில்லை.)
பேட்டரி போனால் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. (புது வண்டி வாங்கும்போதே தள்ளுகிற நினைப்பு.)
மைலேஜ் கம்மி.
கெட்டுப்போனால் துருகம் ரோட்டு மெக்கானிக்குக் கை வைக்கத் தெரியாது. இது ஒன்றுதான் எனக்கு நம்பும்படி இருந்தது.

செல்வம் சொன்னது: "அது பொம்பள வண்டி அண்ணி. காலுக்கு வேலையே இல்ல. அதுல போனா இவனுக்கு இன்னா ஆச்சுன்னு ஊரே கேக்கும்."

இவர் முகம் சட்டென்று மாறியது. "கியரே எழுதிக்கம்மா" என்றார். நான் வாயைத் திறந்தேன். "வேணாம்னா வேணாம். கியர் வண்டிதான்."

வீட்டில் கத்தாத மனுஷன் ஷோரூமில் கத்தினார். எனக்குப் புரிந்துவிட்டது. கியர் இருந்தால் இவள் ஓட்டமாட்டாள். ஸ்கூட்டியையும் பிடுங்கியாயிற்று. நான் எங்கேயும் வரக் கூடாது, எதையும் பார்க்கக் கூடாது.

மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம்.

டிச. 14, திங்கள்

பனி. ஜமால் பாய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. எல்.எல்.ஆருக்குப் போட்டோ கொடுத்தாயிற்று. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன்.

பாயிடம் முதலிலேயே சொன்னேன், கியர்தான் கற்க வேண்டும், வீட்டுக்குத் தெரியக் கூடாது. "எனக்கு இன்னா டீச்சர், நான் யார்கிட்ட சொல்லப் போறன்" என்றார். இப்படிச் சொல்கிறவர்கள்தான் சொல்வார்கள். பார்ப்போம்.

துருகம் ரோட்டில் நான்கு முறை அணைந்து நின்றது. பின்னால் ஷேர் ஆட்டோக்காரன் திட்டினான். பாய் மட்டும் கோபப்படவில்லை. "கிளட்ச்ச கண்ணால பாக்காதீங்க டீச்சர். காலுக்கே தெரியும். எவ்ளோ அமுத்தணும், எப்போ வுடணும்னு காலு சொல்லும்."

டிச. 22, செவ்வாய்

இன்று ஒரு தடவைகூட அணையவில்லை. துருகம் ரோட்டு மேட்டில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, அதை விடுவித்து ஏறினேன். "ஆம்பளைங்களே இத்தினி நாள்ல இவ்ளோ ஓட்டமாட்டாங்க" என்றார் பாய். சந்தோஷம். சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

இவர் இரவுச் சோற்றுக்குப் பிறகு இடது காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் வந்ததும் கையை எடுத்துவிட்டார். சர்க்கரை மாத்திரை மட்டும் ஒழுங்காகப் போடுகிறார்.

ஜன. 5, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் செல்வம் காரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டான். இடஒதுக்கீடு கேட்டு கச்சிராயபாளையத்தில் மறியல், அங்கே புது வண்டியைக் கொண்டுபோனால் கல் விழும் என்று பயம். "உன் வண்டி வர்றதுக்குள்ள இதுல ஓட்டிப் பழகு அண்ணே" என்று சாவியை இவர் கையில் திணித்துவிட்டு, கொடி கட்டிய வேனில் ஏறிக்கொண்டான். சும்மா சொல்லக் கூடாது, அவனுக்கு உண்மையான வலி. பையனுக்கு அரை மார்க்கில் சீட் போயிற்று. "என் புள்ளையோட போவட்டும் அண்ணி இது" என்றான்.

இவர் அந்தக் காரை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். எதுக்கு என்றார். காற்று வாங்க என்றேன். செருப்பு கிடக்கிற வாசலைப் பார்க்க என்று சொல்ல முடியுமா?

மறியலுக்கு எட்டத்திலேயே வண்டி வரிசையில் வெகுநேரம் நின்றோம். கலைந்ததும் நின்ற வண்டி எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி, கோமுகி அணை தாண்டி மலையின் முதல் வளைவில் சிக்கிக்கொண்டது. மேலிருந்து பஸ் இறங்கியது. மேட்டில் நின்று, அங்குலம் அங்குலமாக ஏற வேண்டும்.

வண்டி அணைந்தது. மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை பின்னால் உருண்டது. கண்ணாடியில் பார்த்தேன். மொபெட்டில் ஒரு பெண், முன்னால் குழந்தை. கைபிரேக்கைப் பிடித்து இழுத்தேன். நின்றது. கையகலம்தான் இடைவெளி.

இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் ரோட்டைப் பார்க்கவில்லை. கீழே குனிந்து தன் இடது காலைத் தேடிக்கொண்டிருந்தார். அது கிளட்ச்சிலிருந்து வழுக்கி எங்கேயோ கிடந்தது. அன்றைக்கு ஒற்றைச் செருப்போடு வந்து குனிந்து பார்த்தாரே, அதே முகம்.

பின்னால் வந்த வேன் டிரைவர்தான் காரை ஓடைப் பக்கம் ஓரம் கட்டிக் கொடுத்தார். மொபெட் பெண் குழந்தையைத் தடவிக்கொண்டே போனாள். திட்டியிருக்கலாம்.

இவரைக் கல்லில் உட்கார வைத்து இடது காலை எடுத்து என் மடியில் வைத்தேன். உள்ளங்காலில் முள். இன்றைய முள் இல்லை, சுற்றிலும் கறுத்திருந்தது. ஊக்கால் நெம்பி எடுத்தேன். இவர் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டேன்."

"இன்னாத்த?"

அப்போதுதான் அழுதேன்.

ஆடியிலிருந்தே இப்படியாம். பைக்கில் கியர் மாற்றினால் விழுந்ததா இல்லையா என்று தெரியாதாம். அதனால்தான் ஸ்கூட்டி. "அப்புறம் எதுக்குங்க கியர் வண்டி, கியர் வண்டின்னு குதிச்சீங்க?"

"ஆட்டோமேட்டிக் வாங்குனா ஏன்னு கேப்பானுங்க. காலு போச்சுன்னு தெரிஞ்சா மலையில ஒருத்தனும் எனக்குக் கெழங்கு தரமாட்டான். இவன் எத்தினி நாளைக்கு ஏறி வருவான்னு வேற ஆளுக்குப் பேசிடுவான். செல்வத்துக்குச் சொல்லாத."

செல்வத்துக்குப் போன் போட்டேன். மலையைப் பார்த்ததும் தலை சுற்றுகிறது, அண்ணன் ஓட்டினாலும் பயமாக இருக்கிறது, நீ வந்து ஓட்டு என்றேன். மறியலுக்கு வந்த யாரோ அவனைப் பைக்கில் கொண்டுவந்து விட்டார்கள். ஊர் வரும் வரை கிண்டல். நான் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

ஒரு மாதமாக ஒரு செருப்பை வைத்து இல்லாத ஒருத்திக்கு வீடு கட்டி, விளக்கு ஏற்றி, புடவைகூட உடுத்தியிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஜன. 6, புதன்

டாக்டர். சர்க்கரையால் கால் நரம்பு செத்திருக்கிறது. திரும்பி வராது, இதற்கு மேல் போகாமல் பார்க்கலாம். கிளட்ச் மிதிக்கிற வண்டி கூடவே கூடாது. வலது கால் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. ராத்திரி ராத்திரி உள்ளங்காலைப் பார்க்க வேண்டியது வீட்டிலிருக்கிறவர்கள் பொறுப்பு என்றார் என்னைப் பார்த்து. பார்க்கிறதில் எனக்குப் பயிற்சி உண்டு.

ஜன. 8, வெள்ளி

ஷோரூம். செல்வமும் வந்தான், வேண்டாமென்றால் கேட்கிறானா. கியர் வண்டியை மாற்றி ஆட்டோமேட்டிக் எழுதுங்கள் என்றேன். இவர் தரையைப் பார்த்தார். செல்வம், "இன்னா அண்ணே இது? வேணாம்னு கத்துனது நீதான?" என்றான்.

இவர் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன். "எனக்குத்தான் செல்வம். எனக்கு கியர் வராது. எத்தினியோ பாத்துட்டேன், காலுக்கு வரவே மாட்டங்குது. நான்தான் அடம் புடிச்சேன்."

"அதான பாத்தேன். அண்ணி, ஏழாங்கிளாசுக்குக் கணக்கு சொல்லித் தர்றீங்க, மூணு பெடலு வரலியா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஷோரூம் பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன். மேட்டில் கைபிரேக்கை விடுவித்து ஏறியவள்.

ஜன. 20, புதன்

நல்ல வெயில். வண்டி வந்தாயிற்று. மாலை, சந்தனம், நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். செல்வம் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறான் போல. பார்த்தவர்கள் எல்லாம் "டீச்சர் வண்டியா?" என்றார்கள். ஆமாம் என்றேன்.

இவர் ஸ்டியரிங்கில். பக்கத்தில் நான். "இடது காலை சீட்டுக்கு அடியில இழுத்து வச்சிக்கோங்க" என்றேன், உதடு அசையாமல். எல்லாரும் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்கள். நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. நாலு பழமும் நசுங்கின.

சாயங்காலம் உள்ளங்கால் பார்த்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். காயம் ஆறிவிட்டது. இவர் மெதுவாகச் சொன்னார்: "உனக்கு கியரு வராதுன்னு சொன்னியே. பாய் வண்டியில நீ துருகம் ரோடு மேட்டுல ஏறுனத நான் பாத்தேன். சத்தமே இல்லாம ஏறுன."

காலை மடியில் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

இவருக்கு அன்றைக்குத் துருகம் ரோட்டில் என்ன வேலை?