தோட்டத்துக் காருக்கு நாலு டயர்

பன்வில
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் யசோதினிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், இரண்டு பேருக்கும் இன்னும் கை கால் ஓடுகிறது, நீயும் அந்த சைப்ரஸ் ஊரில் தடிமன் காய்ச்சல் அண்டாமல் நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். உன்னோடு வேலை செய்யும் மடவளை நப்லா லீவு முடிந்து திரும்பி வருகிறாள், காகிதம் எழுதித் தந்தால் உன் கையிலேயே கொடுப்பதாகச் சொன்னாள். போனில் என்றால் நான் ஒன்று சொல்ல நீ ஒன்பது கேட்கிறாய், பக்கத்தில் அம்மா நின்றுகொண்டு அதைச் சொல்லாதீங்க இதைச் சொல்லாதீங்க என்று கண்ணைக் காட்டுகிறாள், கடைசியில் எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி வைத்துவிடுகிறேன். எல்லாம் நல்லா இல்லை மகள். பயந்துவிடாதே, யாருக்கும் அடிபடவில்லை.

அம்மா பஸ்ஸில் தொங்கக்கூடாது என்றுதான் நீ அந்தக் காரை வாங்கித் தந்தாய். தோட்டத்து லொறி ஓட்டியே காலத்தைக் கழித்தவன் நான், சொந்தக் காரில் உட்காருவேன் என்று கனவுகூடக் கண்டதில்லை. ஆனால் இந்த லயத்து வீடுகளுக்கெல்லாம் இருப்பது இந்த ஒரு கார்தானே. மேல்வீட்டு அழகம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது உனக்குத் தெரியும், கிழமைக்கு இரண்டு தரம் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், மகன் யுகேஷ் கொழும்பில் ஹோட்டல் வேலை. பஸ் மேலே ஏறாது, த்ரீவீலுக்குக் கொடுக்க அவளிடம் எங்கே இருக்கிறது. பாவம் என்று ஒருநாள் கூட்டிப் போனேன், மறுதரமும் போனேன், அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை, கிளினிக் நாளில் அவள் பையோடு வந்து கார் பக்கத்தில் நிற்பாள், அவ்வளவுதான். அவளைப் பார்த்து அடுத்தவர்கள், காய்ச்சல் என்றாலும் எங்கள் கதவு, குளவி கொட்டினாலும் எங்கள் கதவு. நீங்க என்ன ஆம்புலன்ஸாப்பா என்று நீ ஏசினாய், நியாயம்தான். ஆனால் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அவர்கள் முகத்தில் முழிக்கிறவன் நான் இல்லையா. அந்தக் கல் ரோட்டில் ஏறி இறங்கி நாலு டயரும் மொட்டையாகப் போய்விட்டது.

போன மாதம் விடாத மழை. அழகம்மாவை ஏற்றிக்கொண்டு கோயில் வளைவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன், சவர்க்காரத்தில் கால் வைத்த மாதிரி கார் வழுக்கிக்கொண்டே போனது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் அது கேட்கவில்லை. இடது பக்கச் சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி மண்மேட்டில் முட்டி நின்றது. அந்தப் பக்கக் கதவைத் திறக்க மேடு விடவில்லை, என் பக்கம் கார் தூக்கிக்கொண்டு நிற்கிறது, திறந்து நான் அசைந்தால் மறுபடி சரியுமோ என்று பயம், ரோட்டுக்கு மறுபக்கம் பள்ளம். போனில் சிக்னல் இல்லை. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவள் பின்சீட்டில் இருந்து, அண்ணே என்னாலதானே ஒங்களுக்கு இந்தக் கஷ்டம் என்று மெதுவாகச் சொன்னாள். கொழுந்து எடுக்கப் போன ஆட்கள் கண்டு கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரிக்குப் பிந்தித்தான் போனாள், திரும்பும்போது முகமெல்லாம் ஊதியிருந்தது.

மறுநாள் மெதுவாக உருட்டிக்கொண்டு மடவளைக்குப் போனேன், அங்கே பவாஸ் என்பவரின் டயர் கடை. லொறிக்கு நாங்கள் காலமெல்லாம் ரீபில்ட் டயர்தான் போட்டோம், பழைய டயர் மேல் புது றப்பர் ஒட்டியது, அதையே கேட்டேன். லொறிக்குச் சரி அய்யா, ஒங்கட சின்னக் காருக்கு, அதுவும் மலை ரோட்டுல மழையில, நான் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜப்பானில் ஓடிக் கழித்த டயர் மலிவு, பார்க்கவும் புதுசு போல இருந்தது, ஆனால் நகத்தால் அழுத்தினால் கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கிறது, ஓரத்தில் அச்சடித்த வருசத்தைப் பார்த்தால் நீ ஓ லெவல் பரீட்சை எழுதின வருசம். புது டயரிலும் வகை வகையாக இருக்கிறது. நீ சொன்னாயே, உன் முதலாளியம்மா காருக்குக் குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே டயர் என்று, அதையும் விசாரித்தேன். நமக்குப் பனியா கொட்டுகிறது, நமக்குக் காலம் இரண்டே இரண்டு, மழை பெய்கிற நாள், பெய்யப் போகிற நாள். தண்ணீரை வாரி வெளியே தள்ளுகிற மாதிரி ஆழமான வெட்டு உள்ள நடுத்தர டயர் ஒன்றைக் காட்டி, வருசம் முழுக்க இது போதும், ஆனா ரெண்டு புதுசு ரெண்டு மொட்டைன்னு ஓட வேணாம், நாலையும் ஒரேயடியா மாத்துங்க என்றார். இருந்த காசுக்கு இரண்டுதான் வரும். ஒன்றும் வாங்காமல் திரும்பி, சக்கரத்துக்குக் கல் வைத்து, டயர் சரியில்லை, இனி கார் ஓடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்துக் கோயில் கமிட்டி சுதேஷ் பாண் பையில் காசைக் கட்டிக்கொண்டு வந்தான், அய்யா இது லயத்துல எல்லாரும் போட்டது, டயருக்கு வைங்க என்று. உன் அம்மாதான் அடுப்படிக்குக் கூப்பிட்டு, இதை வாங்கினா இனி என்னால முடியாதுன்னு ஒரு நாள் சொல்ல ஒங்களுக்கு வாய் வருமா என்று கேட்டாள். அவள் சொன்னது சரி. பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த கிளினிக் நாள் பால் வாங்கப் போகிறேன், பாதி வழியில் மதகுக் கட்டில் அழகம்மா உட்கார்ந்திருக்கிறாள், செருப்பு கையில், மழை தலையில். நீங்க போங்கண்ணே, நான் மெதுவா போய்க்கிறேன் என்கிறாள், பேசவே மூச்சு வாங்குகிறது. பையை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து சந்தி வரைக்கும் கூட்டிப் போய் பஸ் ஏற்றினேன். அங்கிருந்து நேரே சுதேஷ் வீட்டுக்குப் போய், திருப்பிக் கொடுத்த பையை நானே வாய் திறந்து கேட்டேன்.

நாலு டயரும் போட்டாயிற்று. கார் இப்போது வளைவில் நிலத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்னே கறுப்பையா அண்ணன் கார் என்றவர்கள் இப்போது நம்ம கார் என்கிறார்கள். போன ஞாயிறு மாத்தளையில் சித்தி மகள் கல்யாணம், அம்மா சேலை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், ஒரு பிள்ளைக்கு வலிப்பு என்று தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது, நாங்கள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அம்மா சேலையை மடித்து அலுமாரியில் வைத்தாள். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை மகள். ஆனால் கதவு தட்டும் சத்தம் கேட்டால் இப்போது திறக்கும் முன்னே கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிடுகிறேன். விற்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது, காய்ச்சல் என்று படுக்கவும் முடியாது.

இதையெல்லாம் நீ காசு அனுப்ப வேண்டும் என்று எழுதவில்லை, அனுப்பிவிடாதே. காருக்குச் செலவு இருக்கும் என்று அங்கே வேலைக்கு இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைக்கப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாமே. வைக்காதே. நீ அனுப்புகிற ஒவ்வொரு சல்லியும் நீ வருகிற நாளைத் தள்ளி வைக்கிறது, அது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. உன் தவணை முடிந்ததும் புறப்பட்டு வந்துவிடு. இந்த வீட்டில் நான் ஒருத்தன் கட்டுப்பட்டுக் கிடப்பது போதும்.

மாரியம்மன் உன் தலைமாட்டில் நின்று காப்பாள். நேரத்துக்குச் சாப்பிடு, அம்மா இடித்த மிளகாய்த்தூள் நப்லாவின் பெட்டியில் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள். காகிதம் கிடைத்தது என்று மட்டும் போனில் சொல், மற்றதை அம்மா முன்னால் பேசாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
கறுப்பையா