பேமிலி ரூம் தோசை

11-9-1984, செவ்வாய் இரவு

நல்ல ஓட்டல் என்று எதைச் சொல்வது? இத்தனை வருடம் வெளியில் சாப்பிட்டும் எனக்குத் தெரியவில்லை.

இங்கே திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டு ஓட்டல் சாம்பார் வெறும் மஞ்சள் தண்ணீர். ஆனால் நான் தனியாகப் போய் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு எதிரே உள்ள ஓட்டலின் ரவா தோசைக்கு இந்த வட்டாரத்தில் ஈடில்லை. அங்கே பெண்கள் திரைக்குப் பின்னால், விசிறி இல்லாத அறையில்தான் சாப்பிட வேண்டும்.

இன்று மாலை அங்கே வெக்கை தாங்காமல் வெளிக்கூடத்தில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். சர்வர் ஓடி வந்தார்.

"அம்மா, உள்ள பேமிலி ரூம் காலியா கீதுங்க."

"நான் ஒருத்திதான். பேமிலி எங்கப்பா இருக்கு?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். சர்வர் குரலைத் தாழ்த்தினார். "பேஜாரு பண்ணாதீங்கம்மா. மொதலாளி பாத்துக்கினு கீறாரு."

சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். கோபத்தாலா பசியாலா, தூக்கம் வரவில்லை. இனி அங்கே போகாவிட்டால் அந்தத் தோசை போயிற்று. போனால் திரைக்குப் பின்னால்தான். சும்மா ஒரு தோசைக்காக...

புதன்

போனேன். வெளிக்கூடத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். சர்வர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தோசை வந்தது. சுற்றிலும் பேச்சு நின்றுபோயிருந்தது. கடைசித் துண்டு வரை நிதானமாகச் சாப்பிட்டேன். ருசி எப்படி இருந்தது என்று இப்போது யோசித்தால் ஒன்றும் நினைவில்லை.