லீவைத் தின்ற மழை

அன்புள்ள செல்லக்கனி அக்காவுக்கு, படப்பையிலிருந்து தம்பி இசக்கிதுரை எழுதுவது. நீயும் அத்தானும் கனிஷ்காவும் சுகந்தானே? எனக்கு ஒரு குறையுமில்லை.

போன வாரம் விடாத மழையில் ஏரி நிறைந்து ரோடெல்லாம் தண்ணீர். கம்பெனி பஸ் வரவில்லை, ரூமில் நன்றாகத் தூங்கினேன்.

"முன்னல்லாம் ஒரு நாள் ஊத்திட்டுப் பூடும்பா. இப்ப வந்தா நாள் கணக்கா குந்திக்கினு கீது" என்றார் வீட்டுக்காரர் டில்லிபாபு. இங்கே அடையாற்றுப் பக்கம் மட்டுமா, நம் தாமிரபரணிப் பக்கமும் இப்போது அப்படித்தானே.

வேலைக்குப் போகாத நாட்களையெல்லாம் கம்பெனியில் என் லீவில் கழித்துவிட்டார்கள். கனிஷ்காவின் காதுகுத்துக்கு வைத்திருந்த லீவு அது. வர முடியாது என்று போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் அவளுக்கு எடுத்த பாவாடையோடு இதை வைத்து அனுப்புகிறேன். தேதியைத் தள்ளாதே, நம் பெரியப்பா மகன் மடியில் உட்கார வை. பாவாடை அளவு சரியா என்று சொல்.

பஸ் வந்துவிட்டது. குத்தும்போது மட்டும் வீடியோ கால் போடாதே அக்கா. இன்னொரு மாமன் மடியில் அவள் அழுவதை என்னால் பார்க்க முடியாது.