லூர்து மாதா போத்தல்

அன்பின் ஜெறோமுக்கு,

அளம்பிலில் நீங்களும் மகளும் மாமியும் மாதாவின் துணையால் சுகமாக இருப்பீர்கள். பாரிஸில் லில்லி அன்ரி வீட்டில் நானும் சுகம். போனில் சொன்னால் மாமிக்குக் கேட்கும் என்றுதான் எழுதுகிறேன்.

லூர்துக்குப் போக அன்ரி மலிவான பயணம் ஒன்று பிடித்தார். ஐந்து பேர் போனால் ஆறாவது ஆள் இலவசம். அந்த ஆள் நான். கூடவே புட்டுப் பானையும் வந்தது.

மூன்று நாளும் வாடகை வீட்டுக் குசினியில்தான் நின்றேன். “உனக்கு விசா இல்லை. பொலிஸ் பிடிச்சா எங்களுக்கெல்லோ கரைச்சல்” என்று கதவைப் பூட்டிக்கொண்டு அன்ரி மாதாவின் குகைக் கெபிக்குப் போனார். மாமியின் முழங்காலுக்குத் தீர்த்தம் கேட்டிருந்தேன். மாதா உருவப் போத்தலை வெறுமையாகத் தந்து, “சரியான சனமடி, மறந்துபோனன். மீன்குழம்பு வைச்சிட்டியோ?” என்றார்.

குசினிக் குழாயில் நிரப்பித்தான் அனுப்பினேன்.

அதைப் பூசி முழங்கால் நோ போய்விட்டதென்று மாமி கோயிலில் சாட்சி சொன்னாராம். தன் ஒன்றுவிட்ட தங்கை லில்லிக்கும் நன்றி சொன்னாராம். உங்கள் கடிதத்தில் அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

கறிக்குப் போடச் சரக்குத்தூள் ஒரு கடதாசிச் சரை அனுப்புங்கள். மகள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றில் சுற்றி அனுப்புங்கள். தோய்க்க வேண்டாம்.

அன்ரி கூப்பிடுகிறார். மாமியிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். இன்னொரு போத்தல் கேட்டாராமே, அனுப்புகிறேன். பாரிஸிலும் குழாய் இருக்கிறது.

உங்கள்
மரீனா