இறால் விழுந்த காதுக் கருவி

அனுப்புநர்:
ந. துலுக்காணம்,
சுண்ணாம்புக்குளம் அஞ்சல், கும்மிடிப்பூண்டி வழி,
பொன்னேரி வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மேலாளர் அவர்கள்,
தொழிலாளர் காப்பீட்டு அலுவலகம்.

பொருள்: ஏரியில் பழுதான காது கேட்கும் கருவிக்குக் காப்பீட்டில் மாற்றுக் கருவி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஏழு ஆண்டுகளாகத் தகடு அடிக்கிறேன். அந்தச் சத்தத்தில் இரண்டு காதும் போயின. சென்ற மாசியில் தாங்கள் எனக்குச் சட்டைக்குள் வைக்கும் பெட்டியும் அதிலிருந்து காதுக்குப் போகும் ஒயருமாக ஒரு கருவி வழங்கினீர்கள். அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். புகார் பிறகு வரும்.

2. கருவியை மாட்டியதும் அது கீச்சிட்டது. நான் கேட்ட முதல் குரல் என் ஆறு வயது மகள் முத்தம்மாவுடையது. "நைனா, உன் சட்டைக்குள்ள இன்னா கத்துது? தவளையா?" என்றாள். அவள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவள் பேச்சை நான் கேட்டதேயில்லை ஐயா. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. என் மனைவி கங்கம்மா திட்டினாள். அதுவும் நன்றாகவே கேட்டது, ஆனந்தமாக இருந்தது.

3. கருவி வியர்வையில் நனையாதிருக்க, கங்கம்மா துணிப்பை தைத்துக் கழுத்தில் மாட்டிவிட்டாள். 17-4-1977 ஞாயிறன்று, ஏரியில் முழங்கால் தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியையும் எங்கள் வழக்கப்படி கழுத்தில்தான் மாட்டியிருந்தேன். முத்தம்மா கரையிலிருந்து, "நைனா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும், அம்மாவாண்ட சொல்லிராத..." என்று ஆரம்பித்தாள். என் காது கரைக்குப் போய்விட்டது. கை தன் போக்கில் இறாலைப் பறியில் போடாமல் துணிப்பையில் போட்டது. நான்காவது இறாலில் கருவி அடங்கிவிட்டது.

4. குளிக்கும்போது கழற்றச் சொல்லியிருந்தார் மருத்துவர். நான் குளிக்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

5. இது கவனக்குறைவு என்றும், மாற்றுக் கருவியின் முழு விலையையும் நானே ஏற்க வேண்டும் என்றும் தங்கள் கடிதம் வந்துள்ளது. அந்த விலை என் மூன்று மாதச் சம்பளம். ஐயா, கழுத்தில் தொங்குவது பறி என்று என் கைக்கு இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம். கருவியோடு பழகியது நாற்பத்தோரு நாள். கவனம் குறையவில்லை, முழுவதும் மகளிடம் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஒயரும் காதில் வைக்கும் முனையும் நன்றாக இருக்கின்றன. பெட்டி மட்டும் போதும். இனி அது இடுப்பில்தான் இருக்கும், ஏரிக்கு வராது.

6. அன்று பாதியில் நின்றதை முத்தம்மா இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. கங்கம்மா கேட்டு எனக்குச் சைகையில் சொல்வதாகக் கெஞ்சியும் பார்த்தாள். "டப்பா வந்தப்பறம் நைனாவாண்டயே சொல்றேன்" என்கிறாளாம். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது சேரச் சேர, மறக்காமலிருக்க வலை நூலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சுப் போட்டு வருகிறாள். தினமும் அதை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டிச் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன், ஆனால் தாங்க முடியவில்லை.

ஆகவே, முன் உத்தரவை மறுபரிசீலனை செய்து மாற்றுக் கருவி வழங்குமாறு வேண்டுகிறேன். இன்று காலையோடு இருபத்து மூன்று முடிச்சு ஆகிவிட்டது. நூல் இன்னும் நிறைய இருக்கிறது.

இடம்: சுண்ணாம்புக்குளம்
நாள்: 9-6-1977

தங்கள் நல்ல பதிலுக்குக் காத்திருக்கும்,
ந. துலுக்காணம்